செம்புக் காசின் நிறமும் தோட்டத் தமிழர் வரலாறும்

பேராக் மாநிலத்தின் முன்னாள் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய ஊர்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றில், பாட்டன் பாட்டியர் விட்டுச்சென்ற பழங்காசுகளை இன்றும் காண்கிறோம். 1872 முதல் வெளிவந்த நீரிணைக் குடியேற்றச் செம்புக் காசுகள், 1919இல் தொடங்கிய சதுர வடிவ ஒரு காசுகள், 1939 முதலான மலாயா வெண்கலக் காசுகள் ஆகியன அவற்றுள் அடங்கும். நாணயம் சேகரிப்போர் இவற்றின் நிறத்தை வகைப்படுத்தும் முறையையும், வரலாற்றாய்வுக்கு அது பயன்படும் அளவையும் இங்கு நோக்குவோம்.

செம்புக் காசின் தரம் இரு கூறுகளால் குறிக்கப்படுகிறது. ஒன்று தேய்மானம், இதற்கு, வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்கென வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலே அடிப்படை. மற்றொன்று நிறம். 1986இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தின் வரையறைப்படி, அச்சிட்டபோது இருந்த செந்நிறம் 95 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சியிருப்பின் அது 'சிவப்பு', 5 விழுக்காட்டுக்கும் குறைந்திருப்பின் 'பழுப்பு', இடைப்பட்டது 'செம்பழுப்பு'. தேய்மானம் ஒத்திருப்பினும் சிவப்புக்கே விலை மிகுதி.

செம்பு காற்றிலுள்ள உயிர்வளியோடும் கந்தகச் சேர்மங்களோடும் வினைபுரிந்து பழுப்பாகிறது. ஈரமும் கைவியர்வையின் உப்பும் அதனை விரைவுபடுத்துகின்றன. இழந்த செந்நிறம் மீள்வதில்லை. எனவே பெரும்பாலும் கைபடாது காக்கப்பட்ட காசே 'சிவப்பு' என்னும் தகுதியைப் பெறுகிறது எனலாம்.

இங்குதான் சேகரிப்போர் நோக்கும் எம் நோக்கும் வேறுபடுகின்றன. 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கென வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒவ்வொரு காசும் எண்ணிச் செலவிடப்பட்ட அவ்வாழ்வில் கைமாறிய காசு சிவப்பாக எஞ்சியிருத்தல் அரிது. சந்தையில் மதிப்புக் குன்றிய பழுப்புக் காசே உழைத்தோர் கைகளில் புழங்கியதற்குச் சான்றாக நிற்கிறது. ஆயினும் பெட்டியில் வாளா கிடந்த காசும் நம் நாட்டு ஈரத்தில் பழுக்கும். ஆதலின் நிறத்தை மட்டும் கொண்டு புழக்கத்தை முடிவுசெய்தல் பொருந்தாது. அரசர் தலையுருவின் மேடான பகுதிகள் தேய்ந்துள்ளனவா என்பதையும் உடன் நோக்க வேண்டும்.

செப்புக்குடத்தைப் புளியிட்டு விளக்குவது நம் இல்லங்களின் வழக்கம். அதே வழக்கத்தில் பழங்காசுகளும் துலக்கப்படுகின்றன. புளியின் அமிலம் பழுப்பை நீக்கினும், அடியில் வெளிப்படுவது அச்சுக்கூடத்துச் செந்நிறமன்று, இயல்பற்ற இளஞ்சிவப்பேயாகும். தர நிர்ணயம் செய்வோர் அதனை எளிதில் இனங்கண்டு, 'துலக்கப்பட்டது' எனக் குறித்து முழுத்தகுதி மறுப்பர். விலையும் போகிறது, சான்றும் அழிகிறது.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்துவிட்ட இந்நாளில், அங்கு வாழ்ந்தோர் கையாண்ட பொருள்கள் அருகி வருகின்றன. காசினைத் துலக்காமல் உலர்ந்த தாளுறையில் இட்டு, யாருடையது, எத்தோட்டத்தது என்று உறைமேல் எழுதிவைத்தல் வேண்டும். அவ்விரு வரிகளே அக்காசினை வரலாற்று ஆவணமாக்கும் என்பது எம் கருத்து.