அடுப்பு போல்ட் இன்ஜினும் அதன் நாடித்துடிப்பும்

"பழைய நினைவுகள் ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும், கட் அடித்துப் பார்த்த மேட்னி ஷோவைப் பற்றியும் எழுத இங்கே ஆள் நிறைய உண்டு. மெக்கானிக்கல் பிரிவுக்காரனான நான், நம் ஆட்டோமொபைல் லேபில் பல செட் மாணவர்கள் கழற்றிக் கழற்றி மாட்டிய பழைய செவர்லே லாரி இன்ஜினின் வரலாற்றை எழுதுகிறேன். வரலாறு என்ன ராஜாக்களுக்கு மட்டும்தானா? இரும்புக்கும் உண்டு.

அமெரிக்காவில் 1929-ஆம் ஆண்டு மாடலாக செவர்லே கம்பெனி ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கொண்டு வந்தது. நான்கு சிலிண்டர் வண்டியின் விலைக்கே ஆறு சிலிண்டர் என்று விளம்பரம் செய்தார்கள். 194 கன அங்குலம், 46 குதிரைத் திறன். அதில் இருந்த சில திருகுகள் அடுப்பில் போடும் போல்ட் மாதிரி இருந்ததால் 'ஸ்டவ்போல்ட்' என்று செல்லப்பெயர். 1937-இல் 216 கன அங்குலமும் 85 குதிரைத் திறனுமாக வளர்ந்தது. 1941-இல் கனரக லாரிகளுக்கு 235, 1954-இல் 261 வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் அசெம்பிளி தொடங்கி 1954 வரை நடத்தியதால் இந்த இன்ஜின் நம் நாட்டுச் சாலைகளுக்கும் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் லாரியும், ஜப்பானில் டொயோட்டாவின் முதல் இன்ஜினும் இதைப் பார்த்துப் பிறந்தவைதான். பெரிய குடும்பம்!

இந்த இன்ஜினின் குணம் கேம்ஷாஃப்டில் இருக்கிறது. வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்வது அதன் மேட்டுப் பகுதிகளே. லாரிக்கு வேண்டியது வேகம் இல்லை, இழுவை. மூட்டை ஏற்றிய வண்டி நின்ற இடத்திலிருந்து முனகாமல் கிளம்ப வேண்டும். ஹாண்டில் போட்டுச் சுற்றினாலும் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆகவே வால்வுகள் குறைந்த நேரமே திறந்திருக்கும்படி வடிவமைத்தார்கள். எக்ஸாஸ்ட் வால்வு மூடும் முன்பே இன்டேக் வால்வு திறக்கிற அந்தச் சிறு 'ஓவர்லாப்' மிகக் குறைவு. அதனால்தான் நிமிடத்துக்கு 450, 500 சுற்றில்கூட ஐடிலிங் தையல் மெஷின் மாதிரி ஓடும்.

இதே இன்ஜினை வேறு பிறவி எடுக்க வைத்தது 1953. முதல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு இன்ஜின் கைவசம் இல்லை. 235-ஐ எடுத்து, வால்வை அதிகம் தூக்கும் கேம்ஷாஃப்ட், மூன்று கார்ட்டர் கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரெஷன் கொடுத்தார்கள். 150 குதிரைத் திறன் கிடைத்தது. அடுத்த ஆண்டு மறுபடி கேம்ஷாஃப்டை மட்டும் மாற்றியதில் 155 ஆயிற்று. அதற்கு முன்பே கலிபோர்னியா இளைஞர்கள் இந்த ஆறு சிலிண்டர்களை வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, பழைய லாரியைப் புதுப்பிக்கும் நம்மவர்களுக்கும் கை துறுதுறுக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும். நண்பர் ஒருவர் ஆசையாகப் புதுப்பித்த லாரியில் 'ரேஸ்' கேம்ஷாஃப்ட் போட்டிருந்தார். ஐடிலிங்கில் 'டக்கு டக்கு' என்று குதித்தது. கேட்கப் பிரமாதம்! ஒரு சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் பெடல் கல்லாக இறுகிவிட்டது. வண்டி சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பின்னால் ஆள் இல்லாதது தெய்வச்செயல்.

காரணம் எளிது. ஓவர்லாப் கூடினால் மெதுவான ஓட்டத்தில் எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பி வரும். மேனிஃபோல்டில் வெற்றிடம் குறையும். பிரேக் பூஸ்டர் உயிர் வாழ்வதே அந்த வெற்றிடத்தில்தான். இன்னொன்று: 216-இல் கனெக்டிங் ராடு பேரிங்குகள் வார்த்த பேபிட் உலோகம், அவற்றுக்கு எண்ணெய் கரண்டியால் அள்ளித் தெளிப்பது மாதிரிதான் கிடைக்கும். அதை அதிக வேகத்தில் விரட்டினால் பேரிங் உருகும். முழு அழுத்தத்தில் எண்ணெய் போகும் 1954-க்குப் பிந்தைய 235, 261-தான் இந்த விளையாட்டைத் தாங்கும்.

மாற்றியே ஆக வேண்டுமா? ரேடியேட்டர், முன்பக்கக் கிரில், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் கழற்ற வேண்டும். டைமிங் கவரில் இரண்டு போல்ட் உள்பக்கமிருந்து போட்டிருக்கும். ஆயில் பேனை இறக்காமல் அவை கைக்கு வராது. பற்சக்கரங்களின் புள்ளிகள் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். புது கேம்ஷாஃப்டுக்குப் புது டேப்பட். முதல் இருபது நிமிடம் ஐடிலிங்கில் விடவே கூடாது; 2000 சுற்றை ஒட்டி ஓடினால்தான் அதன் மேடுகளில் எண்ணெய் தெறித்துப் படியும்.

ஐடிலிங் டியூனிங் பற்றி எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொன்ன வரிசை இன்றும் மறக்கவில்லை. "மொதல்ல இன்ஜினைச் சூடாக்கு. அப்புறம் டேப்பட், அதுக்கப்புறம் பாயின்ட், டைமிங். கார்புரேட்டரை கடைசியாத்தான் தொடணும்பா!" 216-க்கு டேப்பட் இடைவெளி இன்டேக் 0.006, எக்ஸாஸ்ட் 0.013 அங்குலம். "லேசா சத்தம் கேட்டா பரவாயில்ல. சத்தமே இல்லேன்னா வால்வு கருகுதுன்னு அர்த்தம்" என்பார். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4 எங்களுக்கு ஸ்லோகம் மாதிரி மனப்பாடம்.

பிறகு வாக்குவம் கேஜை மாட்டி, மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, முள் அதிகபட்சமாக ஏறி ஆடாமல் நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். நல்ல இன்ஜினில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும்; ஊட்டியில் 12 காட்டினால் பயப்பட வேண்டாம். முள் ஒரே சீராகத் துடித்து விழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. அதை எந்த ஸ்க்ரூவும் சரி செய்யாது.

இன்றைய மாணவர்கள் காலத்தில் இந்த வேலையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அதுவும் அளப்பது அதே மேனிஃபோல்ட் அழுத்தத்தைத்தான். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று எங்கே குறைகிறது என்று கேட்கிற பழக்கத்தை மட்டும் எந்தக் கம்ப்யூட்டரும் தராது; அதை லேபில் கையில் கிரீஸ் பட்டுத்தான் கற்க வேண்டும். ஆகவே தம்பி, தங்கைகளே, பழைய இன்ஜின் ஒன்று கிடைத்தால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்.