பழைய வீடும் பிந்திய அலங்காரமும்

அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள வில்லியம்ஸ்பர்க் 1699 முதல் 1780 வரை அப்பகுதியின் தலைநகராய் விளங்கிற்று. தலைநகர் ரிச்மண்டுக்கு மாறியபின் அதன் கட்டடங்கள் பல சிதைவுற்றன. அவற்றை மீட்க முனைந்தவர் ஒரு குருவானவர் என்பது நமது கவனத்திற்குரியது. புரூட்டன் பங்கு ஆலயத்தின் குருவாகிய டபிள்யூ. ஏ. ஆர். குட்வின், செல்வந்தரான இளைய ஜான் டி. ராக்பெல்லரின் பொருளுதவியை நாடி, 1926இல் இப்பணிக்கு அடிகோலினார்.

அவ்வாறு மீட்கப்பெற்றவற்றுள் ஒன்று, சட்ட அறிஞர் ஜார்ஜ் வித் வாழ்ந்த இல்லம். 1750களில் எழுந்த இச்செங்கல் வீட்டில் இரண்டு தளங்கள் உள. தளந்தோறும் நடுவே ஒரு கூடமும் அதன் இருமருங்கிலும் நான்கு அறைகளும் அமைந்துள்ளன. வாசலின் இருபுறமும் சன்னல்கள் ஒத்த எண்ணிக்கையில் நிற்கின்றன. அளவும் ஒழுங்குமே இதன் அழகு.

கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக் காலத்தில் இந்நகரின் கதவுகளில் ஆப்பிள், எலுமிச்சை, அன்னாசி ஆகியவை பதித்த தழைவளையங்கள் தொங்கும். இதனை 18ஆம் நூற்றாண்டின் வழக்கமென்றே பலர் கருதினர். உண்மையில், 1930களில் இந்நகரின் மலர் அலங்காரத்தைக் கவனித்த லூயிஸ் ஃபிஷர் அம்மையார் முதலானோர் இதனை உருவாக்கினர். இத்தாலியச் சிற்பிகளான டெல்லா ராபியா குடும்பத்தாரின் கனிவளையச் சிற்பங்கள் இதற்கு முன்மாதிரியாயின. கப்பலில் வந்த அரிய அன்னாசியை வாசலில் தொங்கவிட்டு அழுகச்செய்ய அக்கால வீட்டார் மனம் ஒப்பியிரார். ஆலயத்திலும் வீட்டினுள்ளும் பசுந்தழைகளைச் செருகுதலே அவர்கள் அறிந்த எளிய அலங்காரம்.

இல்லாதது சேர்க்கப்பட்ட அவ்விடத்தில், இருந்தது விடப்பட்டது. 1770களில் அந்நகர மாந்தரில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தார். அவருள் மிகப்பலர் அடிமைகள். வித்தின் வீட்டில் சமையல் செய்த லிடியா பிராட்நாக்ஸ் 1787இலேயே விடுதலை பெற்றார். எனினும், மீட்கப்பட்ட நகரில் அவரனையோரின் வாழ்வு முறையாக எடுத்துரைக்கப்பட்டது 1979இல் தொடங்கியே. அதுவரை பார்வையாளர் கனிவளையத்தைக் கண்டனர். அடுப்பருகே நின்றவரைக் கண்டிலர்.

வழக்கம் ஒன்று பிந்தியதாயிருத்தல் குற்றமன்று. கனிவளையம் இன்றும் கண்ணுக்கு இனியதே. ஆயினும் அதற்குரிய ஆண்டைக் கூறுதல் வரலாற்றாசிரியனின் கடமை. ‘முன்னோர் வழக்கம்’ என்னும் சொல் சபையில் எழும்போதெல்லாம் போதகர் இரண்டு வினாக்களைக் கேட்பாராக: இது எந்த ஆண்டில் தோன்றிற்று? இதன் நிழலில் மறைக்கப்பட்டோர் யாவர்?