52 வாரங்கள், 15 முதலிடங்கள்: 1984ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பாடல் தரவரிசை

1984ஆம் ஆண்டின் 52 வாரங்களில் பிரிட்டனின் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றவை 15 பாடல்கள். அவற்றுள் எது தலையாயது, எது அதற்கு அடுத்தது என்று வரிசைப்படுத்த முனைவோர், முதலிடத்தில் இருந்த வாரங்களை எண்ணுவதா, விற்ற இசைத்தட்டுகளை எண்ணுவதா, பாட்டின் தரத்தையே சீர்தூக்குவதா என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லியாக வேண்டும். ஏனெனில் இம்மூன்று அளவுகோல்களும் மூன்று வேறு வரிசைகளைத் தருகின்றன. இவற்றுள் எது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பது, முதலிடம் என்ற அந்த எண் எங்கே, யாரால், எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதைப் பொறுத்தது.

பிரிட்டனில் இத்தகைய பட்டியல் முதன்முதலாக 1952 நவம்பர் 14ஆம் தேதியிட்ட 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' வார இதழில் வெளியாயிற்று. அவ்விதழின் விளம்பரப் பிரிவைக் கவனித்துவந்த பெர்சி டிக்கின்ஸ் என்பவர், ஏறத்தாழ 20 இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, அந்த வாரம் அதிகம் விற்றவை எவை என்று கேட்டுத் தொகுத்த பட்டியல் அது. 12 இடங்களே அதில் இருந்தன; ஆனால் சில இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பாடல்கள் சமநிலையில் நின்றதால் மொத்தம் 15 பாடல்கள் இடம்பெற்றன. முதலிடம் பெற்ற அல் மார்ட்டினோவின் பாடல் 9 வாரங்கள் அங்கேயே நிலைத்திருந்தது. இதழுக்கு விளம்பரம் சேர்க்கும் நோக்கத்தில் தொடங்கிய இம்முயற்சி வெற்றி பெறவே, மற்ற இசை இதழ்களும் தத்தம் பட்டியல்களை வெளியிடத் தொடங்கின. ஒரே வாரத்தில் இதழுக்கு ஒரு பாடல் முதலிடத்தில் இருக்கும் நிலையும் உண்டாயிற்று. பிபிசி இப்பட்டியல்களின் சராசரியை எடுத்துத் தன் பட்டியலை அமைத்துவந்தது; 1968 ஆகஸ்டில் அந்தச் சராசரிக் கணக்கில் மூன்று பாடல்கள் ஒருசேர முதலிடத்தில் நிற்க நேர்ந்தபோது அம்முறையின் குறை எல்லோருக்கும் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, பிபிசியும் வணிக இதழ் ஒன்றும் சேர்ந்து, பி.எம்.ஆர்.பி. என்ற சந்தை ஆய்வு நிறுவனத்திடம் பட்டியல் தொகுக்கும் பணியை ஒப்படைத்தன.

அந்நிறுவனம் கையாண்ட முறை எளிமையானது. தேர்ந்தெடுக்கப்பட்ட சில நூறு கடைகளுக்கு நாட்குறிப்பேடு போன்ற ஏடுகள் தரப்பட்டன. ஒவ்வொரு தனிப்பாடல் தட்டு விற்கும்போதும், அதாவது ஒரு பக்கத்துக்கு ஒரு பாடலாக வழக்கமாக இரண்டு பாடல்களைக் கொண்ட 7 அங்குலத் தட்டு விற்கும்போதும், கடை ஊழியர் அதன் எண்ணை ஏட்டில் குறிக்க வேண்டும். வார இறுதியில் ஏடு அஞ்சலில் போகும். கையால் எழுதப்படும் ஏடு என்பதால், விற்காத தட்டையும் விற்றதாக எழுதிவிட இயலும். எந்தெந்தக் கடைகள் ஏடு வைத்திருக்கின்றன என்பது வெளியே தெரியலாகாது என்பது விதியாயினும், இசைத்தட்டு நிறுவனங்களின் விற்பனை முகவர்கள் அவற்றை அறிந்திருந்தனர். அக்கடைகளுக்கு மட்டும் இலவசத் தட்டுகளும் பரிசுகளும் போய்ச் சேர்ந்தன. ஆள்வைத்துத் தங்கள் தட்டைத் தாங்களே வாங்குவதும் நடந்தது. 1980இல் 'வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி இதை அம்பலப்படுத்தியபோது, பட்டியலின் நம்பகத்தன்மையே ஆட்டம் கண்டது.

1983 ஜனவரியில் இப்பணி கேலப் நிறுவனத்துக்கு மாறியது 1984ஆம் ஆண்டைப் புரிந்துகொள்வதற்கு மிக இன்றியமையாத செய்தி. கேலப், கடையின் விற்பனை மேசைமீது ஏட்டுக்குப் பதிலாக விசைப்பலகையுடன் கூடிய சிறு மின்னணுக் கருவியை வைத்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அதை வெளியிட்ட நிறுவனம் இட்ட பட்டியல் எண் உண்டு: 'ரிலாக்ஸ்' என்ற பாடலுக்கு 'இசட்.டி.ஏ.எஸ். 1', 'டூ டிரைப்ஸ்' பாடலுக்கு 'இசட்.டி.ஏ.எஸ். 3', ஆண்டின் கடைசியில் வந்த பேண்ட் எய்ட் தட்டுக்கு 'ஃபீட் 1'. வாடிக்கையாளர் பணம் கொடுக்கும் நேரத்தில் ஊழியர் அந்த எண்ணை விசைப்பலகையில் தட்டுவார். கடை மூடியபின் கேலப்பின் கணினி தொலைபேசி இணைப்பு வழியே கருவியை அழைத்து, அன்றைய விற்பனை விவரத்தை எடுத்துக்கொள்ளும். திங்கள் முதல் சனி வரையிலான விற்பனை செவ்வாய்க்கிழமை நண்பகல் வானொலியில் அறிவிக்கப்பட்டது; வியாழக்கிழமை மாலை 'டாப் ஆஃப் த பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி முதலிடப் பாடலோடு நிறைவுற்றது. முறைகேடு இதனால் அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல இயலாது. எனினும், கேலப்புக்கு முந்தைய எந்த ஆண்டின் பட்டியலையும்விட 1984இன் பட்டியல் மெய்யான விற்பனைக்கு நெருக்கமாக நிற்கிறது என்று துணிந்து கூறலாம்.

முதலிடத்தில் இருந்த வாரங்களைக் கொண்டு வரிசைப்படுத்தினால், லிவர்பூல் நகரைச் சேர்ந்த ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் 'டூ டிரைப்ஸ்' 9 வாரங்களுடன் முன்னிற்கிறது. அந்தப் பத்தாண்டு முழுவதிலும் வேறெந்தப் பாடலும் பிரிட்டனில் இத்தனை வாரங்கள் முதலிடத்தில் இருக்கவில்லை. லயனல் ரிச்சியின் 'ஹலோ'வும், ஸ்டீவி வொண்டரின் 'ஐ ஜஸ்ட் கால்டு டு சே ஐ லவ் யூ'வும் தலா 6 வாரங்கள். அதே ஃப்ராங்கி குழுவின் 'ரிலாக்ஸ்' 5 வாரங்கள். ட்யூரன் ட்யூரனின் 'த ரிஃப்ளெக்ஸ்' 4 வாரங்கள். எஞ்சியவை மூன்று வாரமும் அதற்குக் குறைவும் ஆண்டவை. 'த பவர் ஆஃப் லவ்' என்ற மூன்றாவது பாடலின் ஒரு வாரத்தையும் சேர்த்தால், 52 வாரங்களில் 15 வாரங்கள் ஃப்ராங்கி குழுவினருடையவை. தம் முதல் மூன்று தட்டுகளையும் முதலிடத்துக்குக் கொண்டுசென்ற சாதனையை, 1963இல் அதே லிவர்பூலின் ஜெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் குழுவுக்குப் பின் அவர்கள்தாம் மீண்டும் நிகழ்த்தினர்.

'ரிலாக்ஸ்' முதலிடம் அடைந்த விதம் தனியே நோக்கத்தக்கது. 1983இன் பிற்பகுதியில் வெளியான அப்பாடல் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே தவழ்ந்துகொண்டிருந்து, ஜனவரித் தொடக்கத்தில் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் இடம்பெற்ற பிறகே ஆறாம் இடத்துக்குத் தாவியது. பாலுறவைக் குறிக்கும் அதன் வரிகளையும் அட்டைப்படத்தையும் ஏற்க இயலாத பிபிசி வானொலி அறிவிப்பாளர் மைக் ரீட், ஜனவரி 11ஆம் தேதி அதை இனி ஒலிபரப்ப மாட்டேன் என்று அறிவித்தார். விரைவில் பிபிசியே அதற்குத் தடை விதித்தது. அந்த மாதம் முடிவதற்குள் பாடல் முதலிடத்துக்கு வந்துவிட்டது. நாட்டின் முதன்மையான பாடலைக் காட்ட இயலாத நிலைக்கு நாட்டின் முதன்மையான இசை நிகழ்ச்சி ஐந்து வாரங்கள் ஆளானது. கோடையில் 'டூ டிரைப்ஸ்' முதலிடத்தில் இருக்கும்போதே 'ரிலாக்ஸ்' மீண்டும் ஏறி இரண்டாம் இடத்தைப் பிடித்தது. ஒரே குழு முதல் இரண்டு இடங்களிலும் நிற்பது அரிதினும் அரிது.

இவ்வெற்றியில் வணிகத் திறத்துக்கும் பெரும் பங்கு உண்டு. தயாரிப்பாளர் டிரெவர் ஹார்ன், ஒலித்துணுக்குகளைப் பதிந்து இசைக்கும் 'ஃபேர்லைட்' கணினிக் கருவியையும் ஒலிப்பதிவுக்கூடக் கலைஞர்களையும் கொண்டு 'ரிலாக்ஸ்' பாடலின் இசையைப் பெரும்பாலும் தாமே கட்டியெழுப்பினார். அவருடைய நிறுவனத்தின் விளம்பர வாசகங்களைப் பத்திரிகையாளர் பால் மோர்லி எழுதினார். 'டூ டிரைப்ஸ்' 7 அங்குலத் தட்டோடு நின்றுவிடாமல், நீட்டியும் மாற்றியும் கலக்கப்பட்ட பல 12 அங்குலத் தட்டுகளாகவும் ஒலிநாடாவாகவும் வார இடைவெளிகளில் அடுத்தடுத்து வெளிவந்தது. எந்த வடிவம் விற்றாலும் அது ஒரே பாடலின் கணக்கில் சேர்ந்ததால், ஆர்வலர் ஒருவர் அதே பாடலை மூன்று, நான்கு முறை வாங்கும் நிலை ஏற்பட்டது. பின்னாளில் ஒரு பாடலுக்கு இத்தனை வடிவங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று வரம்பு விதிக்கப்பட்டதற்கு இத்தகைய உத்திகளே காரணம். ஆகவே 9 வாரங்கள் என்ற எண்ணை அப்படியே மக்கள் விருப்பத்தின் அளவாகக் கொள்வது பிழையாகும்.

அதற்காக அப்பாடலை விளம்பரத்தின் விளைவு என்று தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. 1983 நவம்பரில் அமெரிக்காவின் அணு ஏவுகணைகள் இங்கிலாந்தின் கிரீனம் காமன் படைத்தளத்துக்கு வந்திறங்கியிருந்தன. அணுகுண்டு விழுந்தால் குடிமக்கள் வீட்டுக்குள் செய்ய வேண்டியவை குறித்து அரசு தயாரித்து வைத்திருந்த அறிவிப்புகளுக்குக் குரல் கொடுத்த நடிகர் பேட்ரிக் ஆலனையே அழைத்து, அதே பாணியில் இப்பாடலுக்காகப் பேச வைத்தனர். அதன் காணொளியில் அமெரிக்க அதிபர் ரீகனையும் சோவியத் தலைவர் செர்னென்கோவையும் போன்ற தோற்றமுடையோர் களத்தில் கட்டிப் புரள்கின்றனர். பட்டியலை மேலும் உற்று நோக்கினால், இது தனித்த நிகழ்வு அன்று என்பது புலப்படும். ஜனவரியில் இரண்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்த பால் மெக்கார்ட்னியின் 'பைப்ஸ் ஆஃப் பீஸ்' காணொளி, 1914 கிறிஸ்துமஸ் நாளில் எதிரெதிர்ப் படைவீரர்கள் போரை நிறுத்திக் கைகுலுக்கியதைச் சித்திரிக்கிறது; மார்ச்சில் மூன்று வாரங்கள் ஆண்ட நேனாவின் '99 ரெட் பலூன்ஸ்', வானில் பறக்கும் பலூன்களைப் படையெடுப்பாகக் கருதியதால் மூளும் பேரழிவைப் பாடுகிறது. மூன்றையும் கூட்டினால், 52இல் 14 வாரங்கள், அதாவது ஆண்டின் கால் பங்குக்கு மேல், பிரிட்டிஷ் மக்கள் போரையும் அமைதியையும் பற்றிய பாடல்களையே தலைமேல் வைத்திருந்தனர். மின்னிசையும் மினுக்கும் ஒப்பனையுமே அக்காலத்தின் அடையாளம் என்று பலரும் எழுதும் எண்பதுகளின் வரலாற்றில், இந்த எண்ணுக்கு உரிய இடம் தரப்படவில்லை.

விற்பனையைக் கொண்டு வரிசைப்படுத்தினால், மேற்கண்ட வரிசை தலைகீழாகிறது. 1984 அக்டோபர் 23ஆம் தேதி, எத்தியோப்பியப் பஞ்சத்தைப் பற்றிச் செய்தியாளர் மைக்கேல் பியூர்க் அளித்த செய்தித்தொகுப்பு, ஒளிப்பதிவாளர் முகமது அமின் எடுத்த காட்சிகளுடன் பிபிசியில் ஒளிபரப்பாயிற்று. அதைக் கண்ட அயர்லாந்துப் பாடகர் பாப் கெல்டாஃப், பாடகர் மிட்ஜ் யூருடன் சேர்ந்து எழுதிய 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்மஸ்?' பாடல், நவம்பர் 25 அன்று, டிரெவர் ஹார்ன் இலவசமாகத் தந்த லண்டன் ஒலிப்பதிவுக்கூடத்தில், அந்நாளின் முன்னணிப் பாடகர்கள் பலர் பேண்ட் எய்ட் என்ற பெயரில் கூடிப் பாடப் பதிவாயிற்று. முதல் வாரத்திலேயே 10 லட்சம் தட்டுகள் விற்றன. மொத்த விற்பனை 30 லட்சத்தைத் தாண்டி, 1997 வரை பிரிட்டனில் மிக அதிகம் விற்ற தனிப்பாடல் என்ற நிலையில் இருந்தது. தட்டின் மீதான மதிப்புக் கூட்டு வரியை விட்டுக்கொடுக்க முதலில் மறுத்த அரசு, எதிர்ப்பு வலுத்தபின் அதற்கு ஈடான தொகையை நிவாரணத்துக்கே வழங்கியது. அப்போதுதான் 'ஐ ஷுட் ஹாவ் நோன் பெட்டர்' பாடலால் முதலிடத்துக்கு வந்திருந்த ஸ்காட்லாந்துப் பாடகர் ஜிம் டயமண்ட், தம் தட்டை வாங்க வேண்டாம், பேண்ட் எய்ட் தட்டை வாங்குங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். ஒரு வாரமே முதலிடத்தில் இருந்த அவருடைய பெயரை வாரக்கணக்கு பட்டியலின் அடியில் தள்ளுகிறது. ஆயினும் அந்த ஆண்டின் பண்பான செயல்களுள் அவருடைய அவ்வேண்டுகோளுக்கு உயர்ந்த இடம் உண்டு.

பேண்ட் எய்ட் முதலிடத்தில் இருந்த ஐந்து வாரங்களில் மூன்று மட்டுமே 1984இல் அடங்குவதால், வாரக்கணக்கில் அது நடுவரிசைக்குப் போய்விடுகிறது. இதனினும் கூர்மையான முரண், 1984இல் முதலிடமே பெறாத ஒரு பாடலில் வெளிப்படுகிறது. அவ்வாண்டு ஜார்ஜ் மைக்கேல் தம் வேம் குழுவோடு இரண்டு பாடல்களையும், தாம் தனித்துப் பாடிய 'கேர்லெஸ் விஸ்பர்' பாடலையும் முதலிடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பேண்ட் எய்ட் தட்டிலும் அவர் குரல் ஒலிக்கிறது. அதே டிசம்பரில் வெளியான வேம் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' 10 லட்சத்துக்கு மேல் விற்றும், தாமே பங்குகொண்ட பேண்ட் எய்ட் பாடல் முன்னே நின்றதால் இரண்டாம் இடத்தோடு நின்றது. அதன் உரிமத் தொகையும் எத்தியோப்பிய நிவாரணத்துக்கே சென்றது. கிறிஸ்துமஸ் வாரங்களில் தட்டுகளின் விற்பனை மற்ற மாதங்களைவிடப் பன்மடங்கு பெருகும். ஆதலால் டிசம்பரில் இரண்டாமிடம் பெற்ற பாடல், பிப்ரவரியிலோ மே மாதத்திலோ முதலிடம் பெற்ற பாடலைவிட மிக அதிகமாக விற்றிருப்பது இயல்பே. முதலிடம் என்பது அந்த ஒரு வாரத்தில் உடன் போட்டியிட்டவற்றை வென்றதற்கான சான்றேயன்றி வேறில்லை. வெவ்வேறு வாரங்களின் முதலிடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவாது.

இவ்விரு அளவுகோல்களின் குறைகளையும் மனத்திற்கொண்டு தரத்தின்படி ஒரு வரிசை அமைப்பதாயின், 'டூ டிரைப்ஸ்' தலையாய இடத்தைப் பெறத் தகும். அது காலத்தின் அச்சத்தை நடனத் தளத்துக்கே கொண்டுவந்து நிறுத்தியது. பிரின்ஸ் எழுதி, ஸ்டீவி வொண்டர் ஹார்மோனிகா வாசிக்க, மெல்லி மெல் 'ராப்' சொல்ல, சாகா கான் பாடிய 'ஐ ஃபீல் ஃபார் யூ' மூன்று வாரங்களே ஆண்டதாயினும், பின்வந்த பத்தாண்டுகளில் கறுப்பின இசை செல்லவிருந்த திசையை முன்கூட்டியே காட்டியதால் அடுத்த இடத்துக்கு உரியது. 'கேர்லெஸ் விஸ்பர்' மூன்றாவதாக நிற்கலாம். ஸ்டீவி வொண்டரின் 6 வாரப் பாடல் எழுபதுகளில் அவர் படைத்தவற்றின் அருகில் வைக்கத் தக்கதன்று. அது பதினைந்துக்குள் கீழ்ப்பாதியிலேயே இடம்பெறும். பேண்ட் எய்ட் பாடலை இவ்வரிசையில் சேர்க்காமல் விடுவதே முறை. மக்கள் அதை வாங்கியது ஈகையின் பொருட்டு. ஒரே ஆள் பல தட்டுகளை வாங்கிச் சென்றதும் அதனால்தான்.

பட்டியலின் கணக்கிடும் முறை பின்னரும் மாறிக்கொண்டே வந்தது. 1987இல் அறிவிப்பு ஞாயிறு மாலைக்கு மாறியது. 2005இல் இணையத் தரவிறக்கங்களும், 2014இல் இணையவழிக் கேட்புகளும் கணக்கில் சேர்க்கப்பட்டன. முன்பு ஒருவர் ஒரு தட்டை ஒருமுறை வாங்கினால் அத்தோடு கணக்கு முடிந்தது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் அதே பாடலை அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறுகிறது. இம்மாற்றத்தால் டிசம்பர் தோறும் பழைய கிறிஸ்துமஸ் பாடல்கள் பட்டியலின் உச்சியை நெருங்கலாயின. வெளியான 36 ஆண்டுகளுக்குப் பின், ஜார்ஜ் மைக்கேல் மறைந்து நான்கு ஆண்டுகள் கடந்த நிலையில், 2021 ஜனவரி 1ஆம் தேதி அறிவிக்கப்பட்ட பட்டியலில் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' முதன்முறையாக முதலிடத்தை அடைந்தது. 2023இல் கிறிஸ்துமஸ் வாரத்துக்கே உரிய முதலிடமும் அதற்குக் கிடைத்தது.