கேட்க வந்த பத்துப் பேர்

மலர்க் குழுவினர் போன் செய்து, "நீ நாலு வருஷம் அமெரிக்காவில் இருந்தவனாச்சே, ஏதாவது எழுதிக் கொடு" என்றார்கள். நயாகராவையும் சுதந்திர தேவி சிலையையும் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது நியூயார்க் நகரத்துச் சில சின்ன அறைகளின் சரித்திரம். அங்கே பரிசோதனை இசை, 'இண்டி' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சுயேச்சை இசை (அதாவது பெரிய ரிக்கார்டு கம்பெனிகளை நம்பாத இசை) ஆகியவற்றின் கச்சேரிகள் நடக்கும். சில நாள் பத்துப் பேர்தான் வருவார்கள். மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் நம் கல்லூரியில் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2009. நாங்கள் இரண்டாம் ஆண்டு. ஹாஸ்டலில் பக்கத்து அறை நண்பன் (பெயர் வேண்டாம், எங்கள் பேட்சுக்குத் தெரியும்) ஒர்க்‌ஷாப் கழிவிலிருந்து ஜி.ஐ. குழாய்களைப் பொறுக்கி, வெவ்வேறு நீளத்துக்கு அறுத்து, நைலான் கயிற்றில் தொங்கவிட்டான். நாலைந்து ஹாக்ஸா பிளேடுகளை ஒரு மரக்கட்டையில் முடுக்கினான். ஒரு பஸ்ஸரிலிருந்து கழற்றிய பீசோ தகட்டை ஒட்டி அதையே மைக் ஆக்கினான். கல்ச்சுரல்ஸ் இரவில், இரண்டு குத்துப்பாட்டுக்கு நடுவே, இந்த வாத்தியத்தோடு மேடை ஏறினான். முதல் நிமிஷம் கூட்டம் புரியாமல் பார்த்தது. இரண்டாவது நிமிஷம், "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்று ஒரு குரல் எழுந்தது. அவ்வளவுதான், அரங்கமே ஊளையிட்டது. நாலாவது நிமிஷம் அவன் நிறுத்திவிட்டு, குழாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

பேரீச்சம்பழம் என்று கத்தியது நான்தான்.

ரசிகர் பெயரில் ஓர் அரங்கம்

2016-ல் கம்பெனி என்னை நியூ ஜெர்சிக்கு அனுப்பியது. எங்கள் டீமில் அறுபதைத் தாண்டிய அமெரிக்கர் ஒருவர் இருந்தார். ஒரு சனிக்கிழமை, "பாட்டுக் கேட்க வருகிறாயா?" என்று நியூயார்க்கின் கிழக்குப் பகுதிக்கு அழைத்துப் போனார். அவென்யூ சி, இரண்டாவது தெரு முனை. முன்பு சீன உணவகமாக இருந்த இடமாம். கண்ணில் படும்படி ஒரு போர்டுகூடக் கிடையாது. உள்ளே மடக்கு நாற்காலிகள். காபி, பீர், கேசட், டி-ஷர்ட் எதுவும் விற்பதில்லை. வாசலில் வசூலாகும் பணம் முழுவதும் வாசிப்பவருக்கே. இதுதான் 'தி ஸ்டோன்'. சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஜோர்ன் 2005-ல் தொடங்கிய அரங்கம்.

அன்று எங்களையும் சேர்த்து பதினான்கு பேர். ஒருவர் டிரம்மின் மேல் இரும்புத் தகட்டை வைத்து வில்லால் இழுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது நம்ம ஹாஸ்டல் சத்தம்! யாரும் சிரிக்கவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. நாற்பது நிமிஷம் பதினான்கு பேரும் சபாவில் தோடி கேட்பதுபோல் கேட்டார்கள்.

வெளியே வந்ததும், "ஸ்டோன் என்றால் கல்தானே, ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலால்தான் இந்தச் சரித்திரத்தைத் தேட ஆரம்பித்தேன். அது இர்விங் ஸ்டோன் என்பவரின் பெயர். அவர் வித்வான் இல்லை, புரவலரும் இல்லை. வெறும் ரசிகர். மனைவி ஸ்டெஃபனியோடு பல ஆண்டுகள் இம்மாதிரிக் கச்சேரிகளுக்கு விடாமல் வந்து உட்கார்ந்தவர். கேட்க வந்தவர் பெயரில் ஓர் அரங்கம்! நம் ஊரில் கட்டடம் கட்டிக் கொடுத்தவர் பெயர்தான் வைப்போம்.

மழை வாசித்த கச்சேரி

இந்த இசையின் பெரியவர்களில் ஒருவர் ஜான் கேஜ். அவருக்கு நம் நாட்டுத் தொடர்பு உண்டு. 1946-ல் அகமதாபாத்திலிருந்து கீதா சாராபாய் என்ற பெண்மணி நியூயார்க் போனார். பக்வாஜ் வாசித்தவர். கேஜ் அவருக்கு மேற்கத்திய இசை சொல்லிக் கொடுத்தார். பதிலுக்கு இவர் அவருக்கு இந்திய இசை பற்றிச் சொல்லிக் கொடுத்தார். காசு கிடையாது, பண்டமாற்றுத்தான். இசை எதற்கு என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அமைதிப்படுத்தி, தெய்வீகமானவற்றை ஏற்கத் தயார் செய்வதற்கு என்று தன் குரு சொன்னதைக் கீதா சொன்னார். அந்தப் பதில் கேஜை விடவேயில்லை.

1952 ஆகஸ்ட் 29. நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் அருகே, காட்டுக்குள் மரத்தால் கட்டிய மேவரிக் அரங்கம். டேவிட் டியூடர் பியானோ முன் உட்கார்ந்தார், மூடியை மூடினார், கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. நடுவில் இருமுறை மூடியைத் திறந்து மூடி, மூன்று பகுதிகளாக 4 நிமிஷம் 33 விநாடியில் முடித்துவிட்டார். முதல் பகுதியில் வெளியே காற்றுச் சத்தம் கேட்டது. இரண்டாவதில் கூரைமேல் மழைத்துளிகள். மூன்றாவதில் சபையோரின் முணுமுணுப்பும், சிலர் எழுந்து போகும் சத்தமும். பலருக்குக் கோபம். ஆனால் கேஜ் சொல்ல வந்தது இதுதான்: கேட்கிறவன் இருந்தால் போதும், அங்கே இசை இருக்கிறது. இதை ஏமாற்று வேலை என்பவர்கள் இன்றும் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் அலுவலக ஏ.சி. திடீரென்று நின்றபோது, அதுவரை அது சத்தம் போட்டுக்கொண்டிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது!

பழப்பெட்டி, சமையலறை, மதுக்கடை

பெரிய சபாக்கள் இந்த இசைக்கு இடம் தரவில்லை. எனவே கலைஞர்கள் 'லாஃப்ட்' எனப்படும் பழைய கிடங்குக் கட்டடங்களின் மாடிகளைப் பிடித்தார்கள். 1960 டிசம்பரில் சேம்பர்ஸ் தெரு 112-ம் எண் கட்டடத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்த இளம் ஜப்பானியப் பெண், லா மான்ட் யங் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து ஆறு மாதம் கச்சேரிகள் நடத்தினார். வெந்நீர் வராத வீடு. ஆரஞ்சுப் பழப் பெட்டிகள்தான் மேஜை நாற்காலி. இதன் நோக்கம் பொழுதுபோக்கு அல்ல என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள். அந்தப் பெண் யோகோ ஓனோ. பீட்டில்ஸ் ஜான் லெனானின் மனைவியாக உலகம் அவரை அறிந்தது பின்னால்தான்.

1971-ல் வுடி வசுல்கா, ஸ்டைனா வசுல்கா தம்பதி ஒரு பழைய ஓட்டல் கட்டடத்தின் சமையலறையில் ஓர் அரங்கம் தொடங்கினார்கள். பெயரே 'தி கிச்சன்'. 1973 ஆகஸ்ட் 3 அன்று அந்த ஓட்டல் இடிந்து விழுந்து 4 பேர் இறந்தனர். கிச்சன் வேறு இடத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் பவரி சாலை 315-ம் எண்ணில் ஹில்லி கிரிஸ்டல் என்பவர் 'சி.பி.ஜி.பி.' என்ற மதுக்கடையைத் திறந்தார். கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்ற கிராமிய இசைகளுக்காக வைத்த பெயர். வந்ததோ ரமோன்ஸ், டெலிவிஷன், பாட்டி ஸ்மித், டாக்கிங் ஹெட்ஸ்! அங்கே வாசிக்க ஒரு நிபந்தனை உண்டு. பாட்டு சொந்தச் சரக்காக இருக்க வேண்டும்.

இந்த இரண்டு உலகமும் சந்தித்த கதை சுவையானது. கிச்சனில் இசைப் பொறுப்பில் இருந்தவர் ரீஸ் சாத்தம், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரும்கூட. 1976-ல் சி.பி.ஜி.பி.யில் ரமோன்ஸைக் கேட்டார். மறு ஆண்டே எலெக்ட்ரிக் கிடார்களை வைத்து 'கிடார் ட்ரையோ' என்ற உருப்படியை அமைத்தார். பண்டிதர் சங்கீதமும் தெருச் சங்கீதமும் சேர்ந்தது ஒருவர் ஒரு சாயங்காலம் கிளம்பிப் போய்க் கேட்டதால்.

அறையும் ஒரு வாத்தியம்

"செல்போனிலேயே எல்லாம் கேட்கலாமே, நேரில் எதற்கு?" என்று மாணவத் தம்பி தங்கைகள் கேட்கலாம். இதற்கு பிசிக்ஸ் லேபில் பதில் உண்டு. நியூயார்க் சர்ச் தெரு 275-ம் எண் மாடியில் லா மான்ட் யங்கும், மனைவி மரியன் ஸஸீலாவும் 1993-ல் அமைத்த 'டிரீம் ஹவுஸ்' இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும், நம் கோயில் மாதிரி. ஊதா கலந்த சிவப்பு வெளிச்சம். ஸ்பீக்கர்களில் சைன் அலைகள் மாறாமல் ஒலிக்கின்றன. ஆனால் தலையைக் கொஞ்சம் திருப்பினால் சத்தம் மாறுகிறது! ஒரு அடி நகர்ந்தால் ஒரு ஸ்வரம் மறைந்து இன்னொன்று வருகிறது. சுவர்களுக்கிடையே நிலை அலைகள் உண்டாகி, கணுவும் எதிர்க்கணுவும் அறை முழுக்க நிற்பதால் இப்படி. இதை எந்த ரிக்கார்டிங்கில் கொண்டுவருவீர்கள்?

ஃபில் நிப்லாக் (2024 ஜனவரியில் காலமானார்) 1973 முதல் சென்டர் தெருவில் தன் சொந்த மாடியிலேயே மற்றவர்களுக்குக் கச்சேரி வைத்தவர். அவர் இசையில் 220 ஹெர்ட்ஸும் 222 ஹெர்ட்ஸும் போல நெருங்கிய சுருதிகள் ஒன்றாக ஒலிக்கும். கழித்துப் பாருங்கள், விநாடிக்கு 2 விம்மல். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது கேட்குமே, அதே அலை. ஆண்டுதோறும் டிசம்பர் 21-ம் தேதி, வருஷத்தின் நீண்ட இரவில், 6 மணி நேரம் நடத்துவார். 2016-ல் புரூக்ளினில் 'ரூலெட்' அரங்கில் கேட்டேன். சிலர் தூங்கினார்கள், விழித்தார்கள், மறுபடி கேட்டார்கள். நம் ஊர் விடிய விடியக் கூத்து ஞாபகம் வந்தது.

வாடகையும் வாசற்கதவும்

இந்த அறைகளைக் கொன்றது ரசனைக் குறைவு இல்லை, வாடகை. சி.பி.ஜி.பி. 2006 அக்டோபர் 15-ல் பாட்டி ஸ்மித் கச்சேரியோடு மூடியது. பழைய ஒயின் தொழிற்சாலையில் 1998 முதல் நடந்த 'டானிக்' 2007 ஏப்ரலில் மூடியபோது, கிடார் கலைஞர் மார்க் ரிபோ மேடையை விட்டு இறங்க மறுத்துக் கைதானார். தி ஸ்டோனும் 2018-ல் இடம் மாறி ஒரு கல்லூரிக்குள் போய்விட்டது.

சட்டமும் தன் பங்குக்குப் படுத்தியது. 1926-ல் வந்த கேபரே சட்டப்படி லைசென்ஸ் இல்லாத விடுதியில் நடனம் கூடாது. பின்னால் சேர்ந்த விதி, மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது, தாள வாத்தியம், ஊதுவாத்தியம் கூடாது என்றது. தவில், நாயனம் இரண்டுமே அவுட்! அந்த விதியை 1988-ல் கோர்ட் நீக்கியது. மூலச் சட்டம் 2017-ல்தான் ஒழிந்தது.

இன்னொன்றையும் இன்ஜினியராக நான் சொல்லியாக வேண்டும். 2016 டிசம்பர் 2 இரவு, கலிபோர்னியாவில் ஓக்லண்ட் நகரின் 'கோஸ்ட் ஷிப்' கிடங்கில் கச்சேரியின்போது தீப்பிடித்து 36 பேர் இறந்தனர். ஸ்பிரிங்க்ளர் கிடையாது. மாடிப்படியில் ஒரு பகுதி மரப் பலகைகளை அடுக்கிச் செய்தது. நிப்லாக் கச்சேரிக்குப் போனது அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து. உள்ளே நுழைந்ததும் முதலில் தேடியது இரண்டாவது கதவை. இடமில்லாத இளைஞர்கள் ஆபத்தான இடத்துக்குத்தான் போவார்கள். அவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நல்ல இடம் கொடுக்க வேண்டும்.

நம் அறை

போன மாதம் கல்லூரிக்கு வந்தபோது, இன்றைய மாணவர்கள் சிலர் இரவில் சைக்கிள் ஸ்டாண்டில் வாசிப்பதாகவும், வாட்ச்மேன் விரட்டுவதாகவும் சொன்னார்கள். நம் பழைய டிராயிங் ஹால் உடைந்த டிராஃப்டர்களோடு பூட்டிக் கிடக்கிறது. சங்கத்துக்கு என் வேண்டுகோள் சின்னதுதான்: அந்த ஹாலைத் திறந்துவிடுங்கள். பின்பக்கம் இன்னொரு கதவு வேண்டும், நாற்பது நாற்காலி வேண்டும். ஒயரிங், எர்த்திங் செலவு என்னுடையது.

தி ஸ்டோனுக்கு முதல்முறை போன அன்று இரவே நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அங்கே காலை எட்டரை.

"டேய், அன்னிக்குப் பேரீச்சம்பழம்னு கத்தினது நான்தாண்டா."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "தெரியும்டா. உன் குரல் எனக்குத் தெரியாதா?" என்றான். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ உளறினேன். "அதை விடு. கடைசி வரிசைல ஒரு ஜூனியர் பையன் மட்டும் எழுந்து நின்னு கை தட்டினான். அவன் யாருன்னுதான் இத்தனை வருஷமா தெரியல" என்றான்.

குழாய்களை இன்னும் பரணில் வைத்திருக்கிறானாம். ரொம்பக் கெஞ்சியபின், சந்திப்பின் இரண்டாம் நாள் பிற்பகல் 3 மணிக்கு டிராயிங் ஹாலில் அரைமணி நேரம் வாசிக்கச் சம்மதித்திருக்கிறான். "பத்துப் பேர் வந்தாப் போதும். ஆனா கடைசி வரைக்கும் உட்காரணும்" என்பது அவன் நிபந்தனை. என்னையும் சேர்த்து இதுவரை ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்.

2009-ல் சேர்ந்த பேட்ச் நண்பர்களே, கை தட்டிய அந்த ஜூனியர் உங்களில் ஒருவர்தான். இதைப் படித்தால் அவசியம் வாருங்கள். முதல் வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம்.