யானையைத் தூங்க வைத்த பண்

போடியில் பஸ் ஏறினால் போடிமெட்டு போய்ச் சேர 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏற காது அடைக்கும், ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறும். போன தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து குறிஞ்சி ராகம் கேட்டுக்கொண்டே போனேன். அப்போது தோன்றியதுதான் இந்தப் பதிவு.

செக் நாட்டு ஸ்மெத்தனா 1874ல் தன் ஊர் வல்டாவா ஆற்றை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். நாட்டின் நிலத்தை இசையாக்கியவர் என்று உலகமே கொண்டாடுகிறது. நியாயம்தான். ஆனால் நம்மாட்கள் அதுக்கும் ரொம்ப முன்னாடியே நிலத்துக்கு ஒரு யாழ்னு பிரிச்சு வெச்சுட்டாங்க! தொல்காப்பியம் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, பறையோடு யாழையும் சேர்க்கிறது. மலைக்குக் குறிஞ்சி யாழ், வயலுக்கு மருத யாழ், கடற்கரைக்குச் செவ்வழி.

அகநானூறு 102ஆம் பாட்டில் ஒரு காட்சி. தினைப்புனத்துப் பரணில் கானவன் கள் மயக்கத்தில் கிடக்கிறான். கொடிச்சி கூந்தலை உலர்த்தியபடி குறிஞ்சிப் பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த இளங்களிறு கதிரையும் தொடவில்லை, நின்ற இடத்தை விட்டும் நகரவில்லை. அப்படியே தூங்கிப்போகிறது.

சரி, அந்தப் பண்ணும் நான் பஸ்ஸில் கேட்ட ராகமும் ஒன்றா? இல்லீங்க. தேவாரத்தில் வரும் குறிஞ்சிப் பண்ணை ஓதுவார்கள் ஹரிகாம்போஜியில் பாடுகிறார்கள். கச்சேரிக் குறிஞ்சியோ சங்கராபரணத்தின் பிள்ளை. மேல் ஸட்ஜத்தைத் தொடாது, தைவதத்தோடு திரும்பிவிடும். அதனால் மத்யம சுருதி வைத்துப் பாடுவார்கள். பேர் ஒன்று, நிஷாதம் வேறு.

இப்படிப் பழைய பண்ணையும் இன்றைய ராகத்தையும் பொருத்திப் பார்க்க உயிரைக் கொடுத்து உழைத்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919). அவருக்கு மூலிகை மருத்துவம் சொல்லிக்கொடுத்த கருணானந்தர் இருந்தது எங்க பக்கத்துச் சுருளிமலையில்தான். 1917ல் வந்த 'கருணாமிர்த சாகரம்' குருவின் பெயரைத் தாங்கிய நூல். இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

கர்வம் ரொம்ப நாள் நிற்கவில்லை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சின்னக்கானல். அங்கே திரிந்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் தெருவுக்கே வந்துவிட்டது. ஜூனில் மறுபடி ஊசி, அப்புறம் லாரியில் களக்காடு முண்டந்துறைக்கு.

பாட்டுக்கு யானை நிஜமாகவே தூங்கியதா என்று கேட்காதீர்கள், கவிதைதான். ஆனால் அதைக் கற்பனை செய்தவனுக்கு யானையும் அந்த நிலத்துக்காரன். இன்று பண்ணும் இடம் மாறிவிட்டது, யானையும் இடம் மாறிவிட்டது. பேர் மட்டும் குறிஞ்சி.

நீலக்குறிஞ்சி 2018ல் பூத்தது. அடுத்து 2030. அப்போ ஒரு ஓதுவாரை மேலே கூட்டிட்டுப் போய்ப் பாடச் சொல்லிக் கேட்கணும்னு ஆசை. வர்றீங்களா?