நீலகிரி டிரவுட் தூண்டில்

நீலகிரி மேட்டுநிலத்தின் குளிர்ந்த ஓடைகளிலும் அணைத் தேக்கங்களிலும் டிரவுட் மீனைத் தூண்டிலால் பிடிக்கும் கலை. மலையில் ஆங்கிலேயர் குடியேறியபின் தோன்றி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. இங்குள்ள டிரவுட் இம்மண்ணுக்கு உரியதன்று. மனிதர் கொண்டுவந்து வளர்த்தது. ஆகவே இக்கலையின் வரலாறு பெரிதும் அந்த மீனைக் குடியேற்றிய வரலாறே.

நீர்நிலைகள்

டிரவுட் தெளிந்த, உயிர்வளி மிகுந்த, குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தளரும். சமவெளி ஆறுகளில் அதற்கு இடமில்லை. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுநில ஓடைகளில் இடமுண்டு. சோலைக் காடுகளும் புல்வெளிகளும் மழையை உள்வாங்கி, கோடையிலும் சிறுகச் சிறுக விடுவதால்தான் அவ்வோடைகள் வற்றாமலும் சூடேறாமலும் ஓடுகின்றன. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, முக்குருத்தி, பைக்காரா ஆகியவை டிரவுட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்கள்.  

வரலாறு

நீலகிரியின் பழங்குடியினரான தொதவர் எருமை மந்தைகளை மேய்த்துப் பாலுணவோடு வாழ்ந்தவர்கள். மீன் உண்ணும் வழக்கம் அவர்களிடம் இல்லை. மேட்டுநில ஓடைகளில் இருந்தவையும் சிறு மீன்களே. ஊட்டியில் வீடு கட்டிக் குடியேறிய ஆங்கிலேயருக்குத் தம் நாட்டு ஓடைமீன் இல்லாதது பெருங்குறையாகப் பட்டது. ‘இந்திய மீன்கள்’ என்ற பெருநூலைப் பின்னாளில் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே, 1860களில் டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். பல வாரக் கடற்பயணமும் வெப்பமும் அம்முயற்சியைத் தோற்கடித்தன.

மீன் கிடைக்கும் முன்பே அதைக் காக்கச் சட்டம் வந்தது. நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கான சட்டத்தைச் சென்னை மாகாண அரசு 1879இல் இயற்றியது. பின்னர் மாகாண அரசின் மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் டிரவுட்டைக் குடியேற்றும் பணியை முறைப்படுத்தினார். அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் குஞ்சுப் பொரிப்பகம் தொடங்கப்பட்டது. பழுப்பு டிரவுட் இங்கு நிலைக்கவில்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் சற்றுக் கூடுதலான வெப்பத்தையும் தாங்கியது. இலங்கை வழியாகவும் பிற நாடுகளிலிருந்தும் வந்த அதன் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் ஓடைகளில் பெருகின. 

அடுத்த பெரிய மாற்றம் அணைகளால் வந்தது. பைக்காரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. விடுதலைக்குப்பின் கனடாவின் உதவியோடு எழுந்த குந்தா மின்திட்டம் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானித் தேக்கங்களை உருவாக்கியது. இறங்கிக் கடக்கக்கூடிய ஓடையில் இறகால் கட்டிய மெல்லிய பொய்ப்பூச்சியை வீசிப் பிடித்த மீனை, ஆழமும் அகலமும் கொண்ட தேக்கத்தில் தேட வேண்டியதாயிற்று. அங்கே உலோகத்தாலும் மரத்தாலும் ஆன பொய்யிரைகள் கைகொடுக்கும்.

பொய்யிரைகள்

கரண்டி வடிவ ‘ஸ்பூன்’ இரைக்கு அமெரிக்கர் ஜூலியோ பூயெல் 1852இல் காப்புரிமை பெற்றார். மரத்தில் செதுக்கிய இரைகளை மிச்சிகனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெடன் அந்நூற்றாண்டின் இறுதியில் பரப்பினார். பின்லாந்து மீனவர் லவுரி ரப்பாலா, அடிபட்ட சிறுமீனைப் போலத் தத்தளித்து நீந்தும் இரையை 1936இல் தக்கையில் செதுக்கினார். அமெரிக்காவின் பாஸ் மீன் வேட்டைக்காரர்கள் வளர்த்தெடுத்த ‘கிராங்க்பெய்ட்’ இந்த மரபில் வந்தது. நீலகிரியில் பாஸ் மீன் இல்லை. ஆனால் சிறுமீனைத் துரத்தி உண்ணும் டிரவுட்டுக்கும் இந்த இரை பொருந்தும்.

தேர்வும் இழுப்பும்

கிராங்க்பெய்ட்டின் உயிர் அதன் முகத்தில் நீட்டிய நாக்கில் இருக்கிறது. ரீலைச் சுற்றும்போது எதிர்நீர் நாக்கை அழுத்த, இரை கீழே பாய்ந்து பக்கவாட்டில் ஆடும். குட்டையாகச் செங்குத்தாக நிற்கும் நாக்கு இரையை மேல்மட்டத்தில் நிறுத்தும். நீண்டு முன்னோக்கிப் படுத்த நாக்கு ஆழத்துக்கு இழுத்துச் செல்லும். தூர வீச்சும் மெல்லிய தூண்டில் நரம்பும் அதை இன்னும் ஆழமாக்கும். ஓடைக்குக் குட்டை நாக்கும், அணைக்கரைச் சரிவுக்கு நீண்ட நாக்கும் ஏற்றவை. டிரவுட்டுக்கு 4 முதல் 7 சென்டிமீட்டர் வரையுள்ள இரை போதும். தெளிந்த நீரில் வெள்ளி, பழுப்பு போன்ற இயல்பான நிறங்களும், மழைக்குப்பின் கலங்கிய நீரில் பளிச்சென்ற நிறங்களும் எடுபடும்.

குளிர்ந்த நீரில் மீனின் உடல் மந்தமாக இயங்கும். இழுப்பும் மெதுவாக இருக்க வேண்டும். சீராகச் சுற்றுவது அடிப்படை. நடுவே நிறுத்தினால் மிதக்கும் இரை மெல்ல மேலெழும். பின்தொடரும் மீன் பெரும்பாலும் அந்த நொடியில்தான் கவ்வும். பாறையில் உரசித் திசை மாறும்போதும் அப்படியே. இரை ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடினால், நரம்பு கட்டும் வளையத்தை எதிர்ப்பக்கம் இம்மியளவு வளைத்தால் நேராகும். மூமுள் கொக்கிக்குப் பதில் எதிர்முள் இல்லாத ஒற்றைமுள் பூட்டினால், மீனை அதிகம் காயப்படுத்தாமல் நீரிலேயே விடுவிக்கலாம்.

இன்றைய நிலை

இந்நீர்நிலைகள் பல பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் இருக்கின்றன. முக்குருத்தி தேசியப் பூங்காவானபின் அங்கு வனச்சட்டமே முதன்மை. வேறிடங்களிலும் மீன்வளத்துறை, வனத்துறை ஆகியவற்றின் அனுமதியின்றித் தூண்டில் வீசக் கூடாது. அயல்மீனான டிரவுட்டைப் புதிய ஓடைகளில் விடுவது மண்ணுக்குரிய சிறு மீன்களை அழிக்கக்கூடும். இருக்கும் இடத்தோடு அது நிற்பதே முறை. புல்வெளியை மூடிய சீகை மரங்களும் அழிந்துவரும் சோலைகளும் ஓடைகளின் நீரைக் குறைக்கின்றன. நீர் குறைந்தால் சூடேறும். சூடேறினால் எந்த இரையை எப்படி இழுத்தும் பயனில்லை. நீலகிரியில் டிரவுட்டை நேசிப்பவர் முதலில் காக்க வேண்டியது சோலையையும் புல்வெளியையுமே.