சில்வியா: நுங்கம்பாக்கத்தில் கண்ட சிறுகோளின் பெயரும் எடையும்

1866 மே 16 அன்று சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நார்மன் ராபர்ட் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலான பட்டையில் அதுவரை அறியப்பட்டவற்றின் வரிசையில் அதற்கு 87 என்னும் எண் கிடைத்தது. அதற்குச் சில்வியா என்று அவர் பெயரிட்டார். நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் வரை அது பட்டியலில் ஒரு வரியாகவே இருந்தது. 2001-க்குப் பிறகு அதன் நிலை மாறியது. அந்த மாற்றத்தின்போது, போக்சன் வைத்த பெயருக்கு உண்மையில் என்ன பொருள் என்ற பழைய கேள்வியும் மீண்டும் மேசைக்கு வந்தது.

அன்றைய சிறுகோள் வேட்டை முழுக்க முழுக்கக் கண்ணை நம்பிய வேலை. வானின் ஒரு சிறு பகுதிக்கு விண்மீன் படம் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். இரவுதோறும் தொலைநோக்கி வழியே அதே பகுதியைப் பார்த்துப் படத்தோடு ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத ஒரு புள்ளி தென்பட்டு, அது அடுத்தடுத்த இரவுகளில் இடம் பெயர்ந்தால் அது கோள். பெயராவிடில், படம் வரைந்தவர் விட்டுவிட்ட விண்மீன். சில்வியா நமக்கு வாய்ப்பான நிலையில் வரும்போதும் அதன் பொலிவு சராசரியாக 12-ஆம் அளவை ஒட்டியே இருக்கும். வெறுங்கண்ணுக்கு எட்டும் மிக மங்கிய விண்மீனைவிட அது ஏறத்தாழ 250 மடங்கு மங்கலானது. இந்த 250 என்ற கணக்கே போக்சனுடைய கொடைதான். ஐந்து அளவு வேறுபாடு என்றால் பொலிவில் நூறு மடங்கு, ஆகவே ஓர் அளவுக்கு 2.512 மடங்கு என்ற வரையறையை அவர் 1856-இல் முன்வைத்தார். சிறுகோள்களின் பொலிவை மாதவாரியாகக் கணித்துக் காட்டிய ஒரு கட்டுரைக்குள் அந்த வரையறை அடங்கியிருந்தது. இன்று உலகெங்கும் விண்மீன்களுக்குக் கையாளப்படும் அளவுகோல் சிறுகோள்களுக்காகச் செய்த ஒரு கணக்கின் துணைவிளைவாகப் பிறந்தது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆக்ஸ்போர்டில் பணியாற்றியபோதே மூன்று சிறுகோள்களைக் கண்டிருந்த போக்சன், 1861 பிப்ரவரியில் அரசு வானியலாளராகச் சென்னை வந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று 67-ஆம் சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே, பெயரும் ஆசியா. கிரேக்கத் தொன்மத்தில் ஆசியா என்பவள் ஆதிதெய்வங்களின் குலத்தைச் சேர்ந்த ஒரு பெண். சிறுகோள்களுக்குத் தொன்மப் பெண்களின் பெயரிடுவதே அன்றைய மரபு. மரபையும் மீறாமல், கண்டுபிடித்த இடத்தையும் விடாமல், ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கினார். தமிழ் இலக்கணிகள் இதைச் சிலேடை என்பர். அதன் பின் 1864-இல் சாப்போ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமில்லா, 1885-இல் வேரா எனச் சென்னையில் மொத்தம் ஐந்து. இவற்றுள் முதல் மூன்றும் ஏப்ரல், மே மாதங்களில் கிடைத்தவை. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் கோடையில் அது வியப்பில்லை. கமில்லா கிடைத்ததோ நவம்பர் 17. கார்த்திகையின் தொடக்கத்தில், வடகிழக்குப் பருவமழை நடுவே சென்னையில் அப்படியொரு தெளிந்த இரவு வாய்த்திருக்கிறது.

ஆசியா என்ற சொல் அந்த வளாகத்தில் அதற்கு முன்பே கல்லில் இருந்தது. 1786-இல் வில்லியம் பெட்ரி தம் சொந்த முயற்சியால் தொடங்கிய ஆய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. அங்கு நிறுவிய கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் அதில் பொறிப்புகள் உள்ளன. ஆங்கிலேயரின் கொடையால் கணித அறிவியல் ஆசியாவில் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறியட்டும் என்பது அந்தப் பொறிப்பின் கருத்து. அந்த ‘முதன்முதலாக’ என்ற சொல்லுக்கு மறுப்பு வெளியிலிருந்து வரவேண்டியிருக்கவில்லை. அதே ஆய்வகத்தில் சில காலம் பொறுப்பு வகித்த ஜான் வாரன், 1825-இல் வெளியிட்ட காலசங்கலித நூலில், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணம் கணித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கணிப்பு முறையை 1952-இல் ஆட்டோ நியூகபாவர் விரிவாக ஆராய்ந்து, பாபிலோனியக் கணிதத்தின் சாயல் அதில் உண்டென்று காட்டினார். தூண் சொன்னதை ஆய்வகத்தவர் ஒருவரின் நூலே மறுத்துவிட்டது.

போக்சன் காலத்திலும் ஆய்வகத்தின் அன்றாட உழைப்பில் பெரும்பங்கு இந்திய உதவியாளர்களுடையது. அவர்களில் தலையாயவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் தென்வானின் வலை விண்மீன் குழுவில் ஒரு மாறொளிர் விண்மீனை அவர் கண்டார். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்க, ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் கையேடு வெளியிட்டார். ஐந்து சிறுகோள்களின் பதிவிலும் போக்சன் பெயர் மட்டுமே உள்ளது. அதில் முறைகேடு இருந்ததாகக் கூற எந்தச் சான்றும் இல்லை. ஆனால் ‘கண்டுபிடித்தவர்’ என்னும் கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்பது பட்டியலின் இயல்பு. அந்தக் கட்டத்தை மட்டும் படித்து ஓர் ஆய்வகத்தின் வரலாற்றை எழுதினால், இரவுதோறும் விண்மீன்களின் இடத்தை அளந்து குறித்தவர்கள் எவரும் அதில் இருக்க மாட்டார்கள்.

இனிப் பெயர். பால் ஹெர்கெட் தொகுத்த சிறுகோள் பெயர் நூல், சில்வியா என்பது பிரெஞ்சு வானியலாளர் கமீல் ஃபிளம்மாரியோனின் மனைவி சில்வியின் நினைவாக இடப்பட்டது என்கிறது. இந்த விளக்கம் நெடுங்காலம் புழங்கியது. ஒலியொற்றுமை அதற்குத் துணை; ஃபிளம்மாரியோனின் புகழ் மற்றொரு துணை. ஆனால் அவர்கள் மணம் புரிந்தது 1874-இல். சென்னையில் இருந்த ஓர் ஆங்கிலேயர், எட்டாண்டுகளுக்குப் பின் ஒரு பிரெஞ்சுக்காரரை மணக்கவிருந்த பெண்ணின் பெயரை முன்கூட்டியே சூட்டினார் என்று நம்புவது கடினம். ஐயத்தை முழுமையாகத் தீர்ப்பது போக்சனின் கூற்றே. கண்டுபிடிப்பை அறிவித்து அரச வானியல் கழகத்தின் மாத இதழில் 1866-இல் வெளிவந்த குறிப்பில், உரோம் நகரை நிறுவியதாகக் கூறப்படும் இரட்டையர் ரோமுலஸ், ரீமஸ் ஆகியோரின் தாயான ரியா சில்வியாவையே அவர் காரணமாகச் சுட்டியிருக்கிறார். சில்வா என்பது இலத்தீனில் காடு. பெயரின் வேரில் ஒரு வனமகள் இருக்கிறாள். பிற்காலத் தொகுப்பு ஒன்று சொல்வதும், பெயரிட்டவர் அந்நாளிலேயே எழுதியதும் முரண்படும்போது எதை ஏற்பது என்பதில் சொற்பிறப்பியல் படித்தவர்க்குத் தயக்கம் இருக்காது. ஆயினும் தொகுப்புநூல் எளிதில் கைக்கு எட்டுகிறது. மூல இதழைத் தேடி எடுப்பவர் சிலரே. பிழைகள் வாழ்வது இந்த இடைவெளியில்தான்.

2001 பிப்ரவரி 18 அன்று மைக்கேல் பிரௌனும் ஜான்-லுக் மார்கோவும் ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கியால் சில்வியாவை நோக்கியபோது அதன் அருகே ஒரு சிறு துணைக்கோள் தெரிந்தது. அது சில்வியாவிலிருந்து ஏறத்தாழ 1356 கி.மீ. தொலைவில் சுற்றுகிறது. சில்வியா பூமியை நெருங்கி வரும் நாள்களில்கூட அந்தத் தொலைவு வானில் முக்கால் வினாடிக் கோணத்தைத் தாண்டுவது அரிது. ஐந்தரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு சிறு நாணயத்தின் அகலம் அவ்வளவுதான் தெரியும். காற்றின் அலைவால் சாதாரணமாக ஒரு விண்மீனின் உருவமே அந்த அளவுக்குக் கலங்கிவிடும். காற்றின் கலக்கத்தை நொடிக்கு நொடி அளந்து, அதற்கு எதிராகக் கண்ணாடியின் வடிவை நெளித்துச் சரிசெய்யும் நுட்பம் வந்த பிறகே இது கைகூடியது. 2004 ஆகஸ்டில் ஃபிராங்க் மார்ஷியும் அவர் குழுவினரும் சிலி நாட்டிலுள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியைக் கொண்டு, ஏறத்தாழ 706 கி.மீ. தொலைவில் இன்னும் சிறிய இரண்டாவது துணைக்கோளைக் கண்டனர். 2005 ஆகஸ்டில் நேச்சர் இதழ் இதை வெளியிட்டது. இரண்டு துணைக்கோள்கள் உடையதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் சில்வியாவே. அவற்றுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்ற பெயர்கள் இடப்பட்டன. 1866-இன் குறிப்பை விட்டுவிட்டுத் தொகுப்புநூலை நம்பியிருந்தால் இந்தப் பெயர்களுக்கு அங்கே வேலையே இல்லை.

துணைக்கோள் கிடைத்ததால் சில்வியாவை எடை போட முடிந்தது. ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பொருளின் எடையை அறிய இயலாது. அதைச் சுற்றும் ஒன்றின் தொலைவும் சுற்றுக்காலமும் தெரிந்தால் போதும். கெப்லரும் நியூட்டனும் தந்த விதி மிச்சத்தைச் செய்துவிடும். ரோமுலஸ் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 3.65 நாள். இதைக் கொண்டு கணித்தால் சில்வியாவின் நிறை நம் நிலவின் நிறையில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு. 2005-இல் அதன் சராசரி விட்டம் 286 கி.மீ. அளவில் கொள்ளப்பட்டதால் அடர்த்தி நீரைப்போல் 1.2 மடங்கே வந்தது. பாறைக்கு இது மிகக் குறைவு. உள்ளே கணிசமான பகுதி வெற்றிடமாக இருக்க வேண்டும். ஒரு தாய்க்கோள் மோதலில் சிதறி, துண்டுகள் மீண்டும் ஒன்றுகூடிய கற்குவியலே சில்வியா. இரட்டையர் அந்த மோதலின் மிச்சம் என்று விளக்கினர்.

2021-இல் பெனுவா கேரி குழுவினர் வெளியிட்ட ஆய்வில் விட்டம் 271 கி.மீ. எனக் குறைந்தது. விட்டத்தில் ஐந்து விழுக்காடு குறைந்தால் கனஅளவில் பதினைந்து விழுக்காடு குறையும், அடர்த்தி 1.4-ஐ ஒட்டி உயர்ந்தது. அதைவிட முக்கியமான செய்தி துணைக்கோள்களின் பாதையில் இருந்தது. சில்வியா உருண்டையல்ல. நீள்வடிவம் கொண்ட அது 5.18 மணி நேரத்தில் ஒருமுறை தன்னைத் தானே சுற்றுகிறது. அவ்வளவு கோணலான உடலின் நிறை உள்ளெங்கும் சீராகப் பரவியிருந்தால் துணைக்கோள்களின் பாதை குறிப்பிட்ட விதத்தில் மெல்லத் திரும்ப வேண்டும். எதிர்பார்த்த அந்தத் திருப்பம் காணப்படவில்லை. எனவே நிறை நடுவில் செறிந்திருக்க வேண்டும். அடர்ந்த உருண்டை உட்பகுதியும் அதைச் சூழ்ந்து பொள்ளலான புறப்பகுதியும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். வெறும் கற்குவியல் என்ற பழைய சித்திரத்துக்கு இது பொருந்தவில்லை.

சூரியனிலிருந்து சில்வியாவின் சராசரித் தொலைவு 3.48 வானியல் அலகு. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஆறரை ஆண்டு. வியாழன் ஒருமுறை சுற்றும் காலத்தில் சரியாக இருமுறை சுற்றும் பாதை 3.28 அலகில் உள்ளது. வியாழனின் ஈர்ப்பு மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் உந்துவதால் அப்பகுதி பெரும்பாலும் வெறுமையாகிவிட்டது. அந்த இடைவெளிக்கு அப்பால், முதன்மைப் பட்டையின் புறவிளிம்பில் இருக்கும் சிபெலி கூட்டத்தைச் சேர்ந்தது சில்வியா. கரியைப்போல் இருண்ட மேற்பரப்பு; படும் ஒளியில் சில விழுக்காட்டையே திருப்புகிறது. ஒப்பிட, போக்சனின் ஆசியா 2.42 அலகில், பட்டையின் உட்பகுதியில், பாறைத் தன்மையோடு, ஏறத்தாழ 60 கி.மீ. விட்டத்தில் சுற்றுகிறது.

சிபெலி கூட்டத்தில்தான் கமில்லாவும் இருக்கிறது. 2001 மார்ச்சில் ஹபிள் தொலைநோக்கி அதற்கொரு துணைக்கோளைக் காட்டியது. 2016-இல் இரண்டாவது துணைக்கோளும் அறிவிக்கப்பட்டது. பட்டையில் இப்படி மும்மையாக இருப்பவை மிகச் சில. அவற்றுள் இரண்டு, முப்பது மாத இடைவெளியில் ஒரே மனிதரால் நுங்கம்பாக்கத்திலிருந்து காணப்பட்டவை. இது தற்செயலே, வேறொன்றும் இல்லை. பெரியனவாகவும் அதனால் ஓரளவு பொலிவுள்ளனவாகவும் இருந்ததால் அன்றைய கண்ணுக்கு எட்டின. விரைவாகச் சுழலும் பெரிய உடல்களுக்கே துணைக்கோள்கள் அமையும் வாய்ப்பும் மிகுதி என்று வேண்டுமானால் ஒரு காரணம் சொல்லலாம்.

போக்சன் 1891 ஜூனில் சென்னையிலேயே இறந்தார். அவரது நெடுங்கால விண்மீன் அளவீடுகளில் பெரும்பகுதியை அவருக்குப் பின் பொறுப்பேற்ற மிக்கி ஸ்மித்தே பதிப்பித்தார். 1899-இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு மாறியது. வேராவுக்குப் பின் இந்தியாவிலிருந்து அடுத்த சிறுகோளைக் காண 103 ஆண்டுகள் ஆயின. 1988 பிப்ரவரி 17 அன்று, அதே ஆய்வக மரபில் வந்த இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் காவலூர் நிலையத்தில் ஆர். ராஜமோகன் கண்ட அந்தச் சிறுகோளின் எண் 4130, பெயர் ராமானுஜன்.